உப்புக் காற்றில் ஒரு மவுண்டன் சைக்கிள்: வீட்டிலேயே கழுவி, உலர்த்தி, ஒயில் போட முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் பல்கனியில் நின்றால் மரீன் டிரைவ், ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிசாவளைப் பக்கம் றப்பர் தோட்டத்துச் சேற்றில் ஓடிவிட்டு வந்து, அந்தப் பல்கனியிலேயே சைக்கிளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். புதுசு போல ஆகிவிட்டது. களைப்பில் அப்படியே சுவரில் சாத்திவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் செயினைத் தொட்டால் விரல் நுனியில் செம்மஞ்சள் தூள். ஒரே ஓர் இரவுதான். அவ்வளவு சேறும் செய்யாததை, கழுவிய தண்ணீரும் கடற்காற்றும் சேர்ந்து செய்திருந்தன.

அதனால் கொழும்பில் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கழுவுவதை நாளைக்குத் தள்ளிப்போடலாம், கழுவியபின் உலர்த்துவதைத் தள்ளிப்போட முடியாது. நம் காற்றில் உப்பு இருக்கிறது, வருடம் முழுக்க ஈரம் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடிமழை. குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்தால் பாதிதான் சரிவரும்.

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கொழும்பில் எத்தனையோ பேர் சைக்கிளுக்கு மாறினார்கள். அப்போது வாங்கியவற்றில் நிறைய மவுண்டன் சைக்கிள்கள். அவற்றில் சில இப்போது கார் தரிப்பிட மூலைகளில் காற்றுப் போய், செயின் இறுகிப்போய் நிற்பதைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. அப்பாவின் பழைய ரலி சைக்கிளுக்கு எப்போதாவது நாலு சொட்டு என்ஜின் ஒயில் விட்டால் போதும். இன்றைய மவுண்டன் சைக்கிள் அப்படியல்ல. அதில் ஹைட்ரோலிக் பிரேக் (திரவ அழுத்தத்தில் இயங்குவது), காற்றடைத்த ஃபோர்க் (முன் சில்லைப் பிடிக்கும் கவை), மெல்லிய 12 கியர் செயின் எல்லாம் இருக்கின்றன. பயப்பட ஒன்றும் இல்லை. வாரத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

என்னென்ன வேண்டும்

இரண்டு வாளி, பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம், மூன்று பிரஷ், பழைய துணி நிறைய. பருத்திச் சாரத்தைக் கிழித்த துணிபோல ஈரம் உறிஞ்சுவது வேறில்லை. மூன்று பிரஷில் ஒன்று செயினுக்கு மட்டும். அதன் பிடியில் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன், ஏனென்றால் அந்த பிரஷ் தவறியும் பிரேக் டிஸ்க் (சில்லோடு சுற்றும், பிரேக் பிடிக்கும் தட்டு) பக்கம் போகக்கூடாது. துணியும் அப்படித்தான். டிஸ்க் துடைக்கும் துணியைத் தனியாக ஒரு பையில் போட்டு வையுங்கள்.

பல்கனியில் குழாய் இல்லாதவர்கள் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் கைப்பம்ப் டாங்கி ஒன்று வாங்கலாம். ஐந்து லீற்றர் பிடிக்கும் டாங்கி ஒரு சைக்கிளுக்குத் தாராளம். பூச்சிமருந்து அடித்த பழையது வேண்டாம், புதியதே வாங்குங்கள்.

மற்றபடி 4, 5, 6 மில்லிமீற்றர் அலன் கீ, டி25 டோர்க்ஸ் கீ, செயின் ஒயில், கிரீஸ், பாமசியில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் அல்ககோல், ஒரு அடி மட்டம். டாம் வீதி சைக்கிள் கடைகளில் பாதிச் சாமான் கிடைத்துவிடும். கருவிகளைப் பஞ்சிகாவத்தையில் பார்க்கலாம். வசதி இருந்தால் போல்ட்டை அளவாக இறுக்கும் டோர்க் ரெஞ்ச் ஒன்று வாங்குங்கள். காபன் பாகம் இருந்தால் அது ஆடம்பரம் அல்ல, கட்டாயம்.

கழுவும் முறை

முதலில் ஒன்று. தெருமுனை வாகனச் சேர்விஸ் நிலையத்தில் கொடுத்து உயர் அழுத்தத் தண்ணீர் அடிக்க வேண்டாம். நான் ஒருமுறை கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் சேறு முழுக்கப் போய்விட்டது, சந்தோஷமாக இருந்தது. இரண்டு மாதம் கழித்துப் பெடல் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அடியில் கறகறவென்று சத்தம். கிராங்க் (பெடல் பூட்டிய கை) கழற்றிப் பார்த்தால், அதன் அச்சைத் தாங்கும் பொட்டம் பிராக்கெட் பேரிங்கில் கிரீஸே இல்லை, பழுப்புத் தண்ணீர்தான் இருந்தது. பேரிங் சீல்கள் மழையைத் தாங்கும். பக்கவாட்டில் இருந்து வேகமாக அடிக்கும் தண்ணீரைத் தாங்கா. ஹப் (சில்லின் நடுப்பகுதி), ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் மூட்டு), ஃபோர்க் சீல், பின் ஷொக் மூட்டுகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சைக்கிளை நிமிர்த்தியே வைத்துக் கழுவுங்கள். ஸ்டாண்ட் இருந்தால் சீட் போஸ்டில் பிடியுங்கள். ட்ராப்பர் போஸ்ட் (ஓடும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் வகை) என்றால் ஏறி இறங்கும் பளபளப்பான பகுதியில் பிடிக்க வேண்டாம், கீழே தடித்த பகுதியில்தான். ஸ்டாண்ட் இல்லையென்றால் சுவரில் சாத்தலாம்.

காய்ந்த செம்மண்ணைத் துணியால் உரசக் கூடாது. நம் பக்கத்துக் கபுக் மண்ணில் மணல் கலந்திருக்கும். காய்ந்தபடி தேய்த்தால் பெயின்டில் கோடு கோடாக விழும். தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். தானாகக் கரைந்து வடியும். லபுகம, கலட்டுவாவ பக்கம் ஓடிவிட்டு வரும் நாட்களில் எனக்கு ஒரு எண்ணம் வரும். அந்த நீர்த்தேக்கங்களும் கொழும்புக்குக் குடிநீர் தருகின்றன. அந்தத் தண்ணீரைச் சேறு கழுவப் பாவிக்கிறோம், வாளியில் அளந்து பாவிப்போம்.

அடுத்தது செயின். பிரேமைக் கழுவும் முன்பே செயினைச் செய்துவிட வேண்டும். பிறகு செய்தால் கறுப்புக் கிரீஸ் தெறித்துச் சுத்தமான இடமெல்லாம் அழுக்காகும். சிவப்பு டேப் பிரஷில் சவர்க்காரமோ டிகிரீசரோ (கிரீஸ் நீக்கும் திரவம்) எடுத்து, செயினின் நான்கு பக்கமும் பிடித்தபடி பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். கசெட்டின் (பின் சில்லின் பற்சக்கரத் தொகுதி) பற்களுக்கு இடையில் துணியின் ஓரத்தை விட்டு இழுத்தால், பல் இடுக்கில் நூல் விடுவதுபோல, அடியில் இருக்கும் கறுப்புப் பசை வந்துவிடும். பின் கியரின் இரண்டு சிறு சக்கரங்களிலும் பசை வளையமாக ஒட்டியிருக்கும். ஐஸ் குச்சியால் சுரண்டினால் சுருள் சுருளாகக் கழன்று விழும்.

மண்ணெண்ணெய் போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். அழுக்கு நன்றாகத்தான் போகும். ஆனால் செயின் சைக்கிளில் இருக்கும்போது போட்டால் பின் டிஸ்க்கில் ஒரு துளி தெறித்தாலே பிரேக் கெட்டுவிடும். மிச்சத்தைக் கானில் ஊற்றினால் அது நம் கடலுக்கே போய்ச் சேரும். நான் நிறுத்திவிட்டேன். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் வாரா வாரம் போட்டால் மண்ணெண்ணெய்க்கு வேலையே வராது. செயினைக் கழற்றி ஊறவைக்க நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 11, 12 கியர் செயின்களில் இருக்கும் குயிக் லிங்கை (செயினைக் கழற்றிப் பூட்டும் கண்ணி) மறுபடி பாவிக்க வேண்டாம் என்று சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ, ஸ்ராம் இரண்டுமே சொல்கின்றன. கழற்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புது லிங்க் வேண்டும்.

பிரேமை மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். ஹேண்டில், பிரேம், ஃபோர்க், கடைசியாகச் சில்லு. டிஸ்க்குகளில் சவர்க்காரப் படிவு நிற்காமல் சுத்தத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

உலர்த்துவது

இங்கேதான் அவசரப்படக்கூடாது. முன் சில்லைத் தரையில் இருந்து ஒரு சாண் தூக்கி மெதுவாகப் போடுங்கள். பின்பக்கமும் அப்படியே. ஒளிந்திருக்கும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். பிறகு சாரத்துணியால் எல்லா இடமும் ஒற்றி எடுங்கள். செயினைத் துணிக்குள் பிடித்து இருபது முப்பது சுற்றுச் சுற்றுங்கள். அலன் போல்ட்டுகளின் தலைக் குழிகளைக் கவனியுங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் குந்தியிருக்கும். அதுதான் துரு தொடங்கும் இடம். துணியின் முனையை முறுக்கி உள்ளே விட்டு எடுத்துவிட்டு, ஒயில் தொட்ட காதுக் குச்சியால் ஒரு தடவு தடவுங்கள். ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிக்கும் பாகம்) போல்ட்டுகள், சீட் கிளாம்ப் ஒன்று, லீவர் கிளாம்ப் போல்ட்டுகள், அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலை. பிரேக் கலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) போல்ட்டுகளுக்கு மட்டும் ஒயில் வேண்டாம், உலர்ந்த துணி போதும்.

பிறகு சைக்கிளை மின்விசிறிக்கு முன் ஒரு மணி நேரம் விடுங்கள். கொளுத்தும் வெயிலில் மணிக்கணக்காக வைக்கத் தேவையில்லை. சீல்களுக்கும் டயருக்கும் அது நல்லதல்ல.

டபிள்யூடி-40 பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். அதன் பெயரே தண்ணீரை விலக்குவது என்ற வேலையைத்தான் குறிக்கிறது. நனைந்த செயினில் ஈரத்தை விரட்டத் துணியில் தெளித்துத் துடைக்கலாம். ஆனால் அது செயின் ஒயில் அல்ல. அதை மட்டும் அடித்துவிட்டு ஓடினால் ஒரே நாளில் செயின் கீச்சிடும். பிரேக் இருக்கும் பக்கம் எந்த ஸ்ப்ரேயும் வேண்டவே வேண்டாம்.

செயினுக்கு ஒயில்

மழை மாதங்களில் வெட் லூப் எனப்படும் பிசுபிசுப்பான ஒயில்தான் நிற்கும். ஜனவரி முதல் மார்ச் வரை, மழை குறைந்த நாட்களில், டிரை லூப் போட்டால் தூசி ஒட்டாது. மெழுகு போடுபவர்களும் இருக்கிறார்கள், செயின் கையில் ஒட்டாத அளவு சுத்தமாக இருக்கும். ஆனால் ஒருநாள் நனைந்துவிட்டு அப்படியே விட்டால் துரு சீக்கிரம் பிடிக்கும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் வெட் லூப்பைத்தான் சொல்வேன்.

ஒயில் வேலை செய்யும் இடம் செயினின் வெளித் தகடு அல்ல. தகடுகளுக்கு நடுவில் சிறு உருளைகள் இருக்கின்றனவே, அவற்றின் உள்ளேதான். அதனால் குயிக் லிங்க் இருக்கும் இடத்தில் தொடங்கி, ஒவ்வோர் உருளைக்கும் ஒவ்வொரு சொட்டாக, கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில் விடுங்கள். குயிக் லிங்க் திரும்பி வரும்போது நிறுத்துங்கள். பெடலைப் பின்பக்கமாக ஒரு நிமிடம் சுற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் விடுங்கள். இரவு முழுக்க விட்டால் இன்னும் நல்லது. அப்புறம் உலர்ந்த துணியால், போட்ட ஒயிலே இல்லையென்று தோன்றும்வரை, வெளியே துடைத்து எடுங்கள். வெளியே மினுங்கும் ஒயில் மணலைப் பிடித்து அரைக்கும் பசையாகிவிடும். உள்ளே போனது உள்ளேயே இருக்கும்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க அடி மட்டம் போதும். புதுச் செயினில் ஒரு ஆணியின் நடுவில் இருந்து அடுத்த ஆணியின் நடுவுக்குச் சரியாக அரை அங்குலம். ஆக 24 இடைவெளிக்கு 12 அங்குலம். பெடலை லேசாக அழுத்திச் செயினை இறுக்கமாக வைத்து, பூச்சியத்தை ஒரு ஆணியின் நடுவில் பிடியுங்கள். 12 அங்குலக் கோடு இன்னோர் ஆணியின் நடுவில் விழ வேண்டும். ஆணி கோட்டைத் தாண்டி 1.5 மில்லிமீற்றர் போயிருந்தால் செயின் 0.5 சதவீதம் நீண்டுவிட்டது. 11, 12 கியர் சைக்கிள்களில் அப்போதே மாற்றிவிடுங்கள். 10 கியரும் அதற்குக் குறைவும் என்றால் 0.75 வரை போகலாம். தாமதித்தால் தேய்ந்த செயின் கசெட்டின் பற்களையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடும். அப்போது இரண்டையும் மாற்ற வேண்டிவரும், கசெட்தான் விலை கூடியது.

பிரேக்

உங்கள் உயிர் இதில் இருக்கிறது. ஐசோபுரோப்பைல் அல்ககோலைத் தனித் துணியில் நனைத்து டிஸ்க்கின் இரு பக்கமும் துடையுங்கள். ஓடிவந்த சூட்டோடு செய்ய வேண்டாம், ஆறட்டும். டிஸ்க்கை வெறும் விரலால் தொடாதீர்கள். நம் விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசையே போதும், சத்தம் போடத் தொடங்க.

டிஸ்க்கை அழுத்தும் பேட்களைப் பார்க்க ஒரு டோர்ச்சை மேலிருந்து கலிப்பருக்குள் அடியுங்கள். இரும்புத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் உராயும் பகுதி 0.5 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்ற வேண்டும் என்பது ஷிமானோவின் கணக்கு. நான் ஒரு மில்லிமீற்றரிலேயே மாற்றிவிடுவேன். மழையில் சேறோடு இறங்கும் ஒரே பயணத்தில் மிச்சம் முழுக்கக் கரைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். ஷிமானோ டிஸ்க் புதிதில் 1.8 மில்லிமீற்றர் தடிப்பு, 1.5க்கு வந்தால் அதன் காலம் முடிந்தது. எந்த நிறுவன டிஸ்க்கானாலும் அதன் உடம்பிலேயே குறைந்தபட்ச அளவு பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

பேடில் ஒயில் பட்டுவிட்டால் பிரேக் யானை பிளிறுவதுபோலக் கத்தும், பிடியும் இருக்காது. லேசாகப் பட்டதென்றால் பேடை அரத்தாளில் தேய்த்து அல்ககோலில் துடைத்துப் பார்க்கலாம். ஊறிவிட்டால் எதுவும் செய்ய முடியாது, புதுசு போடுங்கள். புதுப் பேடைப் பழக்க வேண்டும். வாகனம் இல்லாத வீதியில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகம் எடுத்து, நடக்கும் வேகத்துக்கு வரும்வரை ஒரே சீராகப் பிடியுங்கள், முழுக்க நிற்க வேண்டாம். முன்னுக்கு இருபது தடவை, பின்னுக்கு இருபது தடவை. அதன்பிறகு பிடி எப்படி மாறுகிறது என்று நீங்களே உணர்வீர்கள்.

சில்லைக் கழற்றியிருக்கும்போது லீவரைப் பிடிக்கக்கூடாது. பிடித்தால் பேட்களைத் தள்ளும் பிஸ்டன்கள் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே போகாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் பேட்களுக்கு நடுவே மடித்த மட்டையைச் செருகி வையுங்கள். லீவர் ஹேண்டில்வரை வந்து முட்டினால், பஞ்சுபோல இருந்தால், உள்ளே காற்று இருக்கிறது, பிளீட் செய்து அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு முன் எந்தத் திரவம் என்று லீவரிலோ கைநூலிலோ பாருங்கள். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ மினரல் ஒயில். ஸ்ராமின் பல பிரேக்குகளுக்கு டொட் 5.1 எனப்படும் பிரேக் திரவம். ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் சீல்கள் உப்பி முழு பிரேக்கும் வீணாகும். டொட் திரவம் பெயின்டைத் தின்னும், காற்றில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சும். திறந்த போத்தலை நம் ஊரில் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டாம்.

ஃபோர்க்

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஃபோர்க்கின் மினுங்கும் குழாய்களைச் சுத்தமான துணியால் துடையுங்கள். ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கிவிட்டுப் பார்த்தால் சீலுக்கு மேலே மெல்லிய கறுப்பு வளையம் வரும். அதையும் துடைத்து எடுங்கள். அந்த வளையம்தான் உள்ளே போனால் மணலாக வேலை செய்வது. டிகிரீசர் இங்கே ஆகாது.

உள் ஒயில் மாற்றுவதற்குக் கணக்கு ஓடிய மணிநேரம்தான். ஃபோர்க் செய்யும் நிறுவனங்களில் ராக்‌ஷாக்ஸ் கீழ்க்கால்களுக்கு 50 மணி நேரம் சொல்கிறது, ஃபாக்ஸ் 125 மணி நேரம் அல்லது ஒரு வருடம். சேற்றில் ஓடுபவர்கள் கொஞ்சம் முந்திச் செய்வது நல்லது. முதல் தடவை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

டயர்

டியூப்லெஸ் (டியூப் இல்லாத) டயரின் உள்ளே இருக்கும், ஓட்டையை அடைக்கும் சீலன்ட்டில் பல வகைகளின் அடிப்படை இயற்கை றப்பர் பால்தான். நாம் ஓடும் தோட்டங்களில் சிரட்டையில் வடிகிற அதே பால். அது காய்ந்து போகும், நம் வெப்பத்தில் சீக்கிரமாகவே. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில்லைக் காதுக்கருகில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சளசளவென்று கேட்டால் இருக்கிறது. ஒன்றும் கேட்காவிட்டால் வால்வின் நடுப்பகுதியைக் கழற்றிப் புதிதாக ஊற்றுங்கள். 29 அங்குலச் சில்லுக்கு 100 மில்லிலீற்றர் அளவு.

காற்று எவ்வளவு என்பது உங்கள் எடை, டயரின் அகலம், பாதை மூன்றையும் பொறுத்தது. 70 கிலோ ஆளுக்கு 2.3 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்னுக்கு 22, பின்னுக்கு 25 பிஎஸ்ஐயில் தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். டியூப் போட்டிருந்தாலோ காலி வீதியில் வேலைக்குப் போவதென்றாலோ இன்னும் கூட்டுங்கள்.

போல்ட்டும் மூட்டும்

மாதம் ஒருமுறை முன் பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மற்றக் கையை ஹெட்செட்டில் வையுங்கள். டக் டக்கென்று அசைந்தால் இறுக்க வேண்டும். கிராங்க்கைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், அங்கேயும் அசைவு இருக்கக்கூடாது. ஸ்டெம் போல்ட்டுகள் பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றர். அதிலேயே எழுதியிருக்கும், எழுதியிருப்பதே சட்டம்.

உப்புக் காற்று உள்ள ஊரில் அலுமினியமும் இரும்பும் சேரும் இடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். வருடத்துக்கு இரண்டு தடவை சீட் போஸ்டையும் பெடலையும் சில்லின் அச்சுகளையும் கழற்றித் துடைத்துக் கிரீஸ் பூசி மாட்டுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் கழலும், மறந்தால் கையும் மரையும் போகும். காபன் பிரேமோ காபன் போஸ்டோ என்றால் சீட் போஸ்டுக்குக் கிரீஸ் வேண்டாம், அதற்கென்று இருக்கும் காபன் பேஸ்டைப் பூசுங்கள்.

ஊருக்குப் போகும்போது

யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ இரண்டு மூன்று வாரம் போவதென்றால், போகும் முன் கழுவி, உலர்த்தி, செயினுக்கு ஒயில் போடுங்கள். இந்த ஒருமுறை மட்டும் வெளிப்பக்கத்தை முழுக்கத் துடைக்காமல் மெல்லிய படலம் நிற்க விடலாம். டயரில் காற்று நிறைய இருக்கட்டும். பல்கனியில் விடாமல் கடலுக்கு எதிர்ப்பக்க அறையில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வியர்த்து அதனாலேயே சைக்கிள் துருப்பிடிக்கும். ஒரு பழைய பருத்திச் சாரத்தைப் போர்த்திவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தப் படலத்தைத் துடைத்துவிட்டு, இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் வெளியே எடுங்கள்.